நீட் தேர்வின் அமில-காரக் கணக்குகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீட் வேதியியலில் அமில-காரக் கணக்குகள் வரும் அயனிச் சமநிலை என்றாலே தயங்கும் மாணவர்களில் பலருக்கு சூத்திரங்கள் நன்றாகவே தெரியும். எந்தச் சூத்திரத்தைக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவார்கள். குவளைக்குள் இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே எண்களைச் சூத்திரத்தில் போட்டுவிடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு என்பதால் ஒவ்வொரு சறுக்கலும் 5 மதிப்பெண் வித்தியாசத்தில் கொண்டுபோய் விடும்.

2018 நீட் தேர்வில் வந்த ஒரு கேள்வியைப் பார்ப்போம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் நான்கு விதமாகக் கலந்திருக்கிறார்கள். எந்தக் கலவையின் பிஹெச் (ஹைட்ரஜன் அயனிச் செறிவின் எதிர் மடக்கை) 1 என்பது கேள்வி. ஒரு கலவையில் 0.1 மோலார் அமிலம் 60 மி.லி., அதே செறிவுள்ள காரம் 40 மி.லி. அமிலம்தான் அதிகம், அதன் செறிவு 0.1, ஆகவே பிஹெச் 1 என்று கை தானாகவே அந்த விடைக்குப் போகும். உண்மையில் அமிலம் 6 மில்லிமோல் (மோலாரிட்டி × மி.லி.), காரம் 4 மில்லிமோல். மிச்சம் 2 மில்லிமோல். அது 100 மி.லி. கரைசலில் பரவியிருக்கிறது. செறிவு 0.02 மோலார், பிஹெச் 1.7. சரியான விடை, 0.2 மோலார் அமிலம் 75 மி.லி.யும் அதே செறிவுள்ள காரம் 25 மி.லி.யும் சேர்ந்த கலவை. 15 மில்லிமோலில் 5 போக மிச்சம் 10, 100 மி.லி.யில் செறிவு சரியாக 0.1 மோலார். மோலாரிட்டியைக் கழிக்கக் கூடாது, மில்லிமோலைத்தான் கழிக்க வேண்டும். கழித்த பிறகு மொத்தக் கன அளவால் வகுக்க வேண்டும். இந்த இரண்டாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வலிமை குறைந்த அமிலம் வந்துவிட்டால் இன்னும் கவனம் தேவை. 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 50 மி.லி. இருக்கிறது, அதன் பிகேஏ (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) 4.74 என்று வைத்துக்கொள்வோம். தனியாக இருக்கும்போது பிஹெச் 2.87. இதில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 25 மி.லி. சேர்த்தால் பாதி அமிலம் உப்பாகிவிடும்; இப்போது அது பிஹெச் எளிதில் மாறாத தாங்கல் கரைசல், பிஹெச் 4.74. காரம் 50 மி.லி. ஆனால் அமிலம் முழுவதும் தீர்ந்து 0.05 மோலார் சோடியம் அசிட்டேட் மட்டுமே மிஞ்சும். நடுநிலையாக்கல் முடிந்துவிட்டது, ஆகவே பிஹெச் 7 என்று எழுதுவது இங்கே மிகப் பரவலான தவறு. அசிட்டேட் அயனி நீராற்பகுப்பு அடைவதால் (நீருடன் வினைபுரிந்து ஹைட்ராக்சைடைத் தருவதால்) பிஹெச் 8.72 ஆகிறது. காரம் 60 மி.லி. என்றால் உப்பை மறந்துவிடலாம். மிஞ்சிய 1 மில்லிமோல் காரம் 110 மி.லி.யில் இருக்கிறது, பிஹெச் 11.96. கேள்வியில் மாறியது ஒரே ஓர் எண்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் சூத்திரமே மாறிவிட்டது. தாங்கல் கரைசல் என்ற சொல் வினாவில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அம்மோனியாவில் அதன் பாதி அளவு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினாலும் அதுதான் உருவாகிறது.

10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் 8 என்று எழுதுபவர்கள், அமிலம் எப்படிக் காரமாகும் என்று ஒரு கணம் நின்று கேட்டாலே போதும். நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்துக் கணக்கிட்டால் 6.98 வரும். நடுநிலை என்றால் 7 என்பதும் 25 டிகிரி செல்சியஸுக்கு மட்டுமே பொருந்தும். 60 டிகிரியில் நீரின் அயனிப் பெருக்கம் (ஹைட்ரஜன், ஹைட்ராக்சைடு அயனிச் செறிவுகளின் பெருக்கற்பலன்) சுமார் 10⁻¹³. தூய நீரின் பிஹெச் 6.5 ஆக இறங்கும், ஆனாலும் அது அமிலமாகிவிடவில்லை.

பிஹெச் 3, 4, 5 கொண்ட வலிமை மிகு அமிலக் கரைசல்களைச் சம அளவில் கலந்தால் சராசரியாக 4 வராது. செறிவுகளைக் கூட்டி மூன்றால் வகுத்தால் 3.7 × 10⁻⁴ மோலார், அதாவது பிஹெச் ஏறத்தாழ 3.43.

கரைதிறன் பெருக்கத்தையும் பிஹெச்சையும் இணைத்துக் கேட்பதும் வழக்கம். 2019இல் தெவிட்டிய கால்சியம் ஹைட்ராக்சைடு கரைசலின் பிஹெச் 9 என்று கொடுத்து, கரைதிறன் பெருக்கத்தை, அதாவது கால்சியம் செறிவு × ஹைட்ராக்சைடு செறிவின் வர்க்கத்தைக் கேட்டிருந்தார்கள். பிஹெச் 9 என்பதால் ஹைட்ராக்சைடு 10⁻⁵, கால்சியம் அதில் பாதி. இந்தப் பாதியை மறக்காதவர்களுக்குத்தான் 0.5 × 10⁻¹⁵ என்ற விடை கிடைத்திருக்கும்.

கணக்கே இல்லாத கேள்விகளிலும் கண்ணிகள் உண்டு. பாஸ்பரஸ் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன் இருந்தாலும் ஒன்று பாஸ்பரஸோடு நேரடியாகப் பிணைந்திருப்பதால் அது இருகாரத்துவ அமிலம், அதாவது இரண்டு புரோட்டான்களை மட்டுமே கொடுக்கும். போரிக் அமிலம் புரோட்டானைக் கொடுப்பதில்லை. நீரிலிருந்து ஹைட்ராக்சைடைப் பெற்றுக்கொள்ளும் லூயிஸ் அமிலம் அது.

கால்குலேட்டர் கிடையாது என்பதால் கடைசி வரியில் தடுக்கி விழுபவர்களும் நிறையப் பேர். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 2 × 10⁻⁴ என்றால் பிஹெச் 4.3 அன்று, 3.7. 2இன் மடக்கை மதிப்பை 4உடன் கூட்டக் கூடாது, 4இலிருந்து கழிக்க வேண்டும். 2க்கு 0.30, 3க்கு 0.48 என்ற இரண்டு மதிப்புகளை மனப்பாடம் செய்துகொண்டால் 4, 5, 6, 8, 9 எல்லாவற்றுக்கும் அவற்றிலிருந்தே வருவித்துக்கொள்ளலாம். 7க்கு மட்டும் 0.85ஐத் தனியாக நினைவில் வைக்க வேண்டும்.