போனுக்குக் கைரேகை எடுக்காதீர்கள்: செயலி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்களிடம் பயிற்சிக்கு வந்த பையன், "அண்ணே, ஒரு போனுக்கு ஒரு கூப்பன்னு லாக் பண்ணிட்டேன், இனி யாரும் ஏமாத்த முடியாது" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். திரையில் இருபது வரி. படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2018இல் இதே கும்பகோணத்தில் உட்கார்ந்து நான் எழுதிய அதே இருபது வரிதான். வேரியபிள் பெயர்கள் மட்டும் வேறு.

ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை என்று டெல்டா வியாபாரிகளுக்குச் செயலி செய்து கொடுப்பது எங்கள் பிழைப்பு. தெரியாத ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு) போடாதே, பாஸ்வேர்டைக் கோடில் எழுதாதே என்பதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், நான் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்கள் நல்லது செய்வதாக நினைத்து விழுகிற குழிகள் சில உண்டு. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

"பெர்மிஷனே கேட்கவில்லையே?"

கேட்காமலே கிடைப்பவைதான் சிக்கல். போன் மாடல், திரை அளவு, மொழி, எழுத்தின் அளவு, நேர மண்டலம், மொத்த மெமரி, கடைசியாக எப்போது ஆன் செய்தது, எந்தக் கீபோர்டு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்தப் பெட்டியும் எழும்பி அனுமதி கேட்பதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத சமாசாரம். சேர்த்து வைத்தால் அந்தப் போனின் கைரேகை.

மகாமகத்தில் பத்து லட்சம் பேர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஆம், இல்லை' என்று பதில் வரும் கேள்வி ஒன்று கேட்டு, கூட்டத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிறீர்கள். இப்படி இருபது கேள்வி கேட்டால் குளக்கரையில் ஒரே ஒருவர் மிஞ்சுவார். உலகத்தின் எண்ணூறு கோடி பேருக்கும் சேர்த்து 33 கேள்வி போதும். ஒரு போன் மாடல் பெயர் மட்டுமே இதில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும்.

ஐஎம்இஐ

ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி எண். சாதாரணச் செயலிகளுக்கு அதை ஆண்ட்ராய்டு 10இலேயே மூடிவிட்டார்கள். தேடாதீர்கள்.

சொந்தமாக ஐடி தயாரிப்பது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2018 தீபாவளிக்கு ஒரு நகைக்கடை. செயலியைப் போட்டால் செய்கூலியில் 200 ரூபாய் தள்ளுபடி, ஒரு போனுக்கு ஒரு முறை. ஆண்ட்ராய்டு 8 வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதிலிருந்து, ஆண்ட்ராய்டே தரும் அடையாள எண்ணான ஆண்ட்ராய்டு ஐடி, தனித்தனிச் சாவியால் கையெழுத்திட்ட ஒவ்வொரு செயலிக்கும் வேறு வேறாக வரும். ஒரு கடைக்குத் தெரிந்த எண் அடுத்த கடைக்கு உதவாது. அதையே எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்தால் அது மாறிவிடுமே என்று பயம். 200 ரூபாய்க்காக எவன் போட்டோ, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்து நிற்பான் என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு இல்லை.

ஆக, மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, திரை, மொழி, மொத்த மெமரி எல்லாவற்றையும் ஒட்டி எஸ்எச்ஏ-256 ஹேஷ் (எதைக் கொடுத்தாலும் ஒரே நீளமுள்ள எண்ணாக மாற்றும் கணக்கு) போட்டு, 'போன் கைரேகை' என்று பெயர் வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாளே கடையில் தகராறு. திருவிடைமருதூர் பக்கத்திலிருந்து அக்காவும் தங்கையும் வந்திருக்கிறார்கள். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாடல் போன்கள். அக்காவுக்குத் தள்ளுபடி கிடைத்தது. தங்கை போனில் 'ஏற்கெனவே பயன்படுத்திவிட்டீர்கள்' என்று வந்தது. "நான் இன்னும் எதுவும் வாங்கவே இல்லையேங்க" என்று அவர் கேட்க, கவுன்டரில் இருந்தவருக்குப் பதில் தெரியவில்லை.

அதைச் சரிசெய்ய, போனில் இருக்கும் செயலிகளின் பட்டியலையும் கலவையில் சேர்த்தேன். அப்போது எந்தச் செயலியும் மற்ற செயலிகளின் பட்டியலைக் கேட்காமல் எடுக்கலாம். விளைவு: ஒரு கேம் போட்டால் புது ஆள், அதை எடுத்தால் மறுபடி பழைய ஆள். சிலர் மூன்று முறை தள்ளுபடி வாங்கினார்கள். விட்டேனா? பட்டியலை ஹேஷ் போடாமல் அப்படியே சர்வருக்கு அனுப்பி, பெரும்பாலும் ஒத்துப்போனால் அதே போன் என்று முடிவுகட்ட ஆரம்பித்தேன்.

இப்போது என் சர்வரில் என்ன கிடந்தது தெரியுமா? யார் போனில் கல்யாண வரன் பார்க்கும் செயலி, யார் போனில் கர்ப்ப நாள் எண்ணும் செயலி, யார் வெளிநாட்டு வேலை தேடுகிறார், யார் போனில் நாலு கடன் செயலி. பில் போடும்போது வாங்கிய போன் நம்பரும் பக்கத்திலேயே.

ஒரு நாள் கடை மேலாளர் கூப்பிட்டார். நகைச் சீட்டு கட்டுகிறவர்களில் யார் பாதியில் நிறுத்துவார்கள் என்று அவருக்குக் கவலை. "தம்பி, இந்த லிஸ்ட்ல கடன் ஆப் வச்சிருக்கிறவங்களை மட்டும் தனியாப் பிரிச்சுத் தர முடியுமா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார், கல்லாவில் சில்லறை இருக்கிறதா என்பது போல.

முடியாது என்றேன். அன்றிரவே அந்த டேபிளையும் அதன் பேக்கப்பையும் அழித்தேன். வேலையின் பாதிப் பணம் வரவேயில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கண்ணெதிரே இருந்ததைக் கேட்டார். அதை அங்கே கொண்டுபோய் வைத்தது நான்.

பெரிய நிறுவனங்களும் இதே காரணத்தைச் சொல்லித்தான் இதே வேலையைச் செய்தன. மோசடிக் கணக்குகளைப் பிடிக்கிறோம் என்று, செயலியை நீக்கிய பிறகும் ஐபோன்களை அடையாளம் காணும்படி செய்தது உபர். ஆப்பிளின் தலைமையகம் இருக்கும் குபெர்டினோவைச் சுற்றி மட்டும் அந்த நிரல் வேலை செய்வது தெரியாதபடி வேலியும் போட்டது. 2015இல் ஆப்பிள் தலைவர் டிம் குக் உபரின் தலைவரைக் கூப்பிட்டுக் கண்டித்தது 2017இல் வெளியே வந்தது.

ஆண்ட்ராய்டு 11 செயலிப் பட்டியலை ஓரளவு அடைத்துவிட்டது. ஆனால் நீங்கள் தேடும் செயலிகளின் பெயர்களை மானிஃபெஸ்ட் என்ற அறிவிப்புக் கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால், அவை போனில் உண்டா என்று இன்றைக்கும் கேட்கலாம். கேட்க முடிகிறது என்பதற்காகக் கேட்காதீர்கள். ஆப்பிள் பக்கம், 2024 மே முதல், போன் ஆன் ஆன நேரம், சேமிப்பில் காலி இடம், கீபோர்டு பட்டியல் போன்றவற்றைத் தொட்டால் ஏன் தொடுகிறாய் என்று காரணம் எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் செயலி திரும்பி வரும்.

கூப்பனுக்கு என்னதான் வழி? ஆப்பிளில் டிவைஸ்செக் என்று ஒன்று 2017 முதல் உண்டு. ஒரு போனுக்கு இரண்டே இரண்டு பிட்டை (ஒரு பிட் என்பது ஒரு 'ஆம், இல்லை') ஆப்பிளே வைத்துக்கொள்ளும். 'இந்தப் போன் தள்ளுபடி வாங்கியதா' என்பதற்கு அதில் ஒரு பிட் போதும், போன் யாருடையது என்று உங்களுக்குத் தெரியவே வேண்டாம். அதுவும் வேண்டாமென்றால், பில்லின் மூலையில் பஞ்ச் அடிக்கச் சொல்லுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

"ஹேஷ் போட்டுவிட்டேன், ஆள் தெரியாது"

அதே பொருளுக்கு அதே ஹேஷ். பெயரை மாற்றி வைத்தாலும் பெயர் பெயர்தான்.

ரீசெட் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று நம்புவது

விளம்பரக்காரர்கள் ஆளைப் பின்தொடரப் பயன்படுத்தும் எண்ணான விளம்பர ஐடியை அழித்தால் போதும் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அழிக்கத்தான் வேண்டும்; ஆண்ட்ராய்டு 12 முதல், அழித்த பிறகு கேட்கிற செயலிக்கு வெறும் பூஜ்ஜியங்கள் போகும். ஆனால் மற்ற அடையாளங்கள் அப்படியே இருந்தால் பழைய ஆளோடு புது ஆளை ஒட்டுவது கஷ்டமில்லை.

2019இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைவிட மோசமான ஒன்றைக் காட்டினார்கள். சுவாமிமலையில் சிலை வார்த்ததும் அச்சை உடைத்துவிடுவார்கள், அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. போனுக்குள் திரும்புவதை அளக்கும் ஜைராஸ்கோப், திசை காட்டும் காந்தமானியும் அப்படித்தான்; ஒவ்வொன்றிலும் தயாரிப்பிலேயே மயிரிழைப் பிழை இருக்கும். ஐபோன் போன்றவற்றில் தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு போனையும் அளந்து, திருத்த எண்களை உள்ளே எழுதிவிடுவார்கள். சென்சார் தரும் அளவுகளிலிருந்தே அந்த எண்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டுவிட்டார்கள் இந்த ஆய்வாளர்கள். அனுமதி தேவையில்லை, ஒரு நொடி கூட ஆகாது, ரீசெட் செய்தாலும் மாறாது. ஐபோன்களோடு கூகுள் பிக்சல் 2, 3 போன்களும் சிக்கின. ஆப்பிள் ஐஓஎஸ் 12.2இல் இதை அடைத்தது.

எஸ்டிகே

எஸ்டிகே என்பது அடுத்தவர் எழுதித் தரும், நம் செயலியில் சேர்க்கும் நிரல் தொகுப்பு. என்ன அனுப்புகிறது என்று பார்க்காத எஸ்டிகேயைச் சேர்க்காதீர்கள். பெரியவர்களின் நிரலும் விதிவிலக்கல்ல. 2025 ஜூனில் வெளிவந்தது: ஆண்ட்ராய்டு போனில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகள் போனுக்குள்ளேயே ஒரு போர்ட்டை (தகவல் வாங்கும் வாசலை) திறந்து காத்திருந்தன. பிரவுசரில் நீங்கள் பார்த்த தளத்தில் மெட்டா பிக்சல் (ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் கண்காணிப்பு நிரல்) இருந்தால், அது அந்தப் போர்ட்டுக்குக் குக்கி எண்ணை, அதாவது பிரவுசரை அடையாளம் காட்டும் எண்ணை, சொல்லிவிட்டது. மறைநிலையில் திறந்தாலும் செயலியில் இருக்கும் கணக்கோடு ஒட்டிக்கொண்டது. ஆய்வு வெளியான கையோடு மெட்டா நிறுத்தியது. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனம் இதுபோன்ற வேலையை 2017 முதல் செய்துவந்திருந்தது.

ரூட் செய்த போன்

போனின் முழுக் கட்டுப்பாட்டையும் திறந்துவிடுவதை ரூட் என்பார்கள். ஒளிந்துகொள்ள உதவாது; கூட்டத்தில் மயிலிறகுத் தொப்பி போட்டதுபோலத் தனியாகத் தெரியும்.

சோதிக்காமல் விடுவது

என் மேஜை இழுப்பறையில் ஒரே மாடலில் இரண்டு பழைய போன்கள் கிடக்கின்றன. எந்தச் செயலியும் அவற்றில் ஏறி இறங்கியபின்தான் கடைக்குப் போகும். இரண்டிலும் ஐடி வேறாக வர வேண்டும். நீக்கிவிட்டு மறுபடி போட்டால் புது ஐடி வர வேண்டும்.

பையனின் இருபது வரியை எடுத்துவிட்டு, முதல்முறை திறக்கும்போது உருவாகும் ஒரு யுயுஐடியை (போனின் விவரங்களோடு தொடர்பில்லாத தற்செயல் எண்) வைக்கச் சொன்னேன். வைத்தான். நீக்கிவிட்டுப் போட்டோம், பழைய எண்ணே வந்தது. இன்னொரு முறை, அதே எண். "நான் ஒண்ணும் ஒளிச்சு வைக்கலண்ணே" என்றான், முகம் வாடிப்போய். பொய்யில்லை. ஆண்ட்ராய்டின் ஆட்டோ பேக்கப், அந்த எண் இருந்த ஷேர்டு பிரிஃபரன்சஸ் கோப்பை (செயலி தன் சிறு குறிப்புகளை வைக்கும் இடம்) கூகுள் டிரைவில் வைத்திருந்து, செயலி வந்ததும் திருப்பி எழுதியிருக்கிறது. அதே கணக்கில் புதுப் போன் வாங்கினால் அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கும். அந்தக் கோப்பைப் பேக்கப்பிலிருந்து விலக்க ஒரு வரி. எழுதினான், மறுபடி போட்டோம், எண் மாறியது.