சில நேரம் சூடு, சில நேரம் இல்லை: டோபிக் கடை கேஸ் டிரையரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் ஆண்டுக் கடைசி மழை தொடங்கிவிட்டால் சுயசேவை டோபிக் கடைகளில் கூட்டம் அலைமோதும். புகாரும் அப்போதுதான் வரும்: "காசு போட்டேன், டிரம் சுற்றுது, துணி மட்டும் காயல." மெக்கானிக் வந்து நின்றால் அதே டிரையர் நல்ல பிள்ளையாக எரியும். முழுக்க நின்றுபோன மெஷினைப் பழுது பார்ப்பது சுலபம். இப்படி விட்டு விட்டுச் சூடு தருவதுதான் பணத்தைத் தின்னும். கோளாறு இல்லாத நேரத்தில் வந்து பார்த்துவிட்டு, "பற்றவைக்கும் இக்னைட்டர் போயிருக்கும்" என்று ஊகத்தில் ஒரு பாகத்தை மாற்றிவிட்டுப் போவார்கள். நான் பார்த்தவரை எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு இதுதான்.

சூடு எப்படி வருகிறது என்ற வரிசை தெரிந்தால் ஊகம் பாதி குறையும். ஸ்பார்க் வைத்துப் பற்றவைக்கும் கடை மெஷின்களில் முதலில் ஃபேன் ஓடும். காற்று போதிய வேகத்தில் இழுபட்டால் காற்றோட்ட சுவிட்ச் ஆன் ஆகும். பிறகு இக்னிஷன் மாட்யூல் டிக் டிக் என்று பொறி அடிக்கும், கேஸ் வால்வு திறக்கும், நெருப்பு பிடிக்கும். நெருப்பு இருப்பதைச் சென்சார் உணர்ந்தால்தான் வால்வு திறந்தே இருக்கும். இல்லையென்றால் சில விநாடிகளில் கேஸை அடைத்துவிடும். சில மாடல்கள் இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு, மேலும் முயலாமல் லாக் ஆகிவிடும்.

ஆகவே, கோளாறு வரும் நேரத்தில் மெஷின் முன்னால் நின்று காது கொடுங்கள். டிக் சத்தமே இல்லையா? பெரும்பாலும் காற்றோட்ட சுவிட்ச், சூடு அளவு மீறினால் நெருப்பை வெட்டும் ஹை லிமிட், கதவு சுவிட்ச் பக்கம்தான் பிரச்சினை. சத்தம் வருகிறது, நெருப்பு வரவில்லை என்றால் கேஸ் வரத்தையும் வால்வையும் பாருங்கள். நெருப்பு பிடித்து உடனே அணைந்தால் சென்சார், அதன் வயர், எர்த். இவ்வளவையும் எந்தக் கருவியும் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். எத்தனை மணிக்கு வந்தது, அப்போது எத்தனை டிரையர் ஓடியது, வெளியே காற்று அடித்ததா என்பதையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த தவறு, ஃபில்டரைத் தட்டிவிட்டால் காற்று சரியாகிவிட்டது என்று நினைப்பது. நூல்தூசியைக் கையால் வழித்தெடுத்த பிறகும் துணி மென்மையாக்கும் ஷீட்டின் மெழுகுப் படலம் வலைமேல் ஒட்டியிருக்கும். வலையின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்; வழியாமல் தேங்கி நின்றால் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். அதற்கு அப்பால் சூடான காற்றை வெளியே கொண்டுபோகும் குழாய் இருக்கிறது. பல மெஷின்கள் ஒரே பெரிய குழாயில் சேரும் கடைகளில், எல்லாம் ஒன்றாக ஓடும்போதுதான் காற்றைத் திருப்பித் தள்ளும் எதிரழுத்தம் ஏறும். காற்றோட்ட சுவிட்ச் படபடவென்று அடித்து, பர்னர் அணைந்து அணைந்து எரியும். ஒரு மெஷினை மட்டும் ஓட்டினால் ஒன்றும் தெரியாது.

வெளியே போகும் காற்றைப் பார்ப்பவர்கள்கூட உள்ளே வரும் காற்றை மறந்துவிடுவார்கள். ஒவ்வொரு டிரையரும் நிமிடத்துக்குச் சில நூறு கன அடி காற்றை வெளியே தள்ளுகிறது. ஏர்கான் குளிர் போகிறதே என்று பின்சுவர் ஜன்னலை அட்டை வைத்து அடைத்துவிட்டால், அந்தக் காற்று எங்கிருந்து வரும்? வெளிப்பக்கம் திறக்கும் கண்ணாடிக் கதவு வழக்கத்தைவிடக் கனமாகத் திறக்கும், இடுக்கில் விசில் அடிக்கும். கதவை அகலத் திறந்து வைத்ததும் நெருப்பு நிலைப்பட்டால் விடை கிடைத்துவிட்டது.

இனி கேஸ். இதில்தான் சிலிண்டர் வைத்து நடத்தும் கடைகள் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. 30 பவுண்டு துணி பிடிக்கும் டிரையர் ஒன்று எரியும்போது மணிக்கு ஏறக்குறைய 70,000 பிடியூ (சூட்டை அளக்கும் அலகு) எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். சிலிண்டர் கேஸான எல்பிஜி கணக்கில் அது மணிக்கு ஒன்றரைக் கிலோ. பத்து டிரம் ஒரே நேரத்தில் எரிந்தால் பதினைந்து கிலோ. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாக மாறச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் வாங்குகிறது. இழுக்கும் வேகம் கூடினால் சிலிண்டர் குளிர்ந்து, வெளியே வியர்த்து, சில நேரம் பனிகூடப் படியும், அழுத்தம் இறங்கிவிடும். கூட்டம் குறைந்ததும் சிலிண்டர் தேறிவிடும், மெக்கானிக் வரும்போது எல்லாம் சரியாக இருக்கும். சிலிண்டர் தீரும் தறுவாயில் இன்னும் மோசம்.

எனவே அழுத்தத்தை ஒரே டிரையரை ஓட்டி அளப்பது வீண் வேலை. எல்லா மெஷினும் எரியும்போது கேஸ் அழுத்தம் அளக்கும் மானோமீட்டர் மாட்டிப் பாருங்கள். எல்பிஜிக்குப் பெரும்பாலும் 11 அங்குல நீர்மட்ட அழுத்தம் கேட்பார்கள். மெஷினின் தகட்டில் போட்டிருப்பதே கடைசி வார்த்தை. குறைந்தால் தீர்வு, ஒன்றாக இணைத்த சிலிண்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது, குழாயையும் ரெகுலேட்டரையும் தேவைக்குத் தக்க அளவில் போடுவது. சிலர் ரெகுலேட்டரைத் திருகி ஏற்றிவிடுகிறார்கள். இரவில் ஒற்றை டிரையர் ஓடும்போது அதே அழுத்தம் எகிறி, டிரம் அளவுக்கு மீறிச் சூடாகி, ஹை லிமிட் வெட்டும். ஆக, பழைய புகார் புதுக் காரணத்தோடு திரும்பி வரும். குழாய் எரிவாயுவுக்கான நாசிலை, அதாவது கேஸ் பீறிடும் சிறு துளையை, மாற்றாமல் எல்பிஜி இணைத்த மெஷினும் இதே மாதிரிதான் நடந்துகொள்ளும். சிலிண்டருக்குத் தீ காட்டிச் சூடேற்றுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக. வால்வைத் திறக்கும் காயிலை ஆறிய நிலையில் மல்டிமீட்டரில் அளந்து "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். சூடேறிய பிறகு மட்டும் அறுந்துபோகும் காயில்கள் உண்டு. நெருப்பு இல்லாத அந்த நேரத்திலேயே வால்வு முனையில் மின்னழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். சென்சார் உணரும் மின்னோட்டம் மைக்ரோஆம்ப் அளவுதான். எர்த் தளர்ந்திருந்தாலோ கம்பியில் கரி படிந்திருந்தாலோ எரிகிற நெருப்பே அதற்குத் தெரியாது. டிரம் அதிர்வில் கழன்ற கனெக்டரை அழுத்திவிட்டாலே தீர்ந்த புகார்கள் நிறைய.

காற்றோட்ட சுவிட்சைக் கம்பி கட்டி நிறுத்துவது, ஹை லிமிட்டை வயர் போட்டுத் தாண்டிவிடுவது, இரண்டும் கூடவே கூடாது. தூசி நிறைந்த குழாயும் தடையில்லாத நெருப்பும் சேர்ந்தால் கடை எரியும். கேஸ் குழாயிலோ ரெகுலேட்டரிலோ கை வைக்க எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரைக் கூப்பிடுங்கள். வாடை வந்தால் முதலில் மெயின் வால்வை மூடிவிட்டு ஆட்களை வெளியே அனுப்புங்கள். எந்த சுவிட்சையும் தொட வேண்டாம்.

கடைசியாக, கோளாறே இல்லாததைக் கோளாறு என்று நினைப்பது. வைத்த சூட்டை எட்டியதும் பர்னர் அணைவதும், இறங்கியதும் மறுபடி பற்றுவதும் அதன் வேலை. துணி ஈரமாகவே வெளிவந்தால் பக்கத்து வாஷிங் மெஷினையும் ஒரு கண் பாருங்கள். ஸ்பின் சரியாகச் சுற்றாமல் சொட்டச் சொட்ட வந்த பெட்ஷீட்டை எந்த டிரையரும் வழக்கமான காசுக்குள் காய வைக்காது.