கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்: அதிர்வை வைத்து மோட்டாரின் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

ஒரு பம்ப் மோட்டார் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக அதிர்கிறது. உடனே கை ஸ்பானரைத் தேடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதிர்கிற ஒரு மோட்டாரில் பேரிங் போய்விட்டது என்று முடிவுகட்டி மாற்றினேன். ஓட்டிப் பார்த்தால் அதே அதிர்வு. மறுபடி கழற்றி இன்னொரு புது பேரிங் போட்டேன். அப்போதும் அதேதான். பக்கத்தில் நின்ற மூத்தவர் ஒருவர் எதுவும் பேசாமல் மோட்டாரின் கால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். மூன்றாவது போல்ட்டைத் தளர்த்தியதும் அதிர்வு சட்டென்று குறைந்தது. அந்தக் கால் அடித்தளத்தில் முழுதாக உட்காரவே இல்லை; போல்ட் அதை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அடியில் ஒரு மெல்லிய ஷிம் தகடு வைத்ததும் வேலை முடிந்தது. இரண்டு நல்ல பேரிங்குகள் வீண்.

பேரிங் வீணானதுகூடப் பெரிதில்லை. ஓடுகிற இயந்திரத்தைத் திறப்பதே ஓர் ஆபத்து. இரண்டாம் உலகப் போரின்போது, நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் பழுதுகளை சி. எச். வாடிங்டன் குழு ஆராய்ந்தது. (வாடிங்டன் உண்மையில் ஓர் உயிரியலாளர்.) 50 மணி நேரத்துக்கு ஒருமுறை நடந்த பராமரிப்புச் சோதனை முடிந்த கையோடுதான் பழுதுகள் அதிகமாக வந்தன, பறக்கப் பறக்க அவை குறைந்தன. பிறகு 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் இருவரும் விமானப் பாகங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையிலும் இதே கதைதான். வயதாக வயதாகப் பழுது கூடும் என்ற வகையில் அடங்கிய பாகங்கள் சுமார் 11 சதவீதம். புதிதாகப் பொருத்தியவுடன் பழுதாகும் வாய்ப்பு அதிகம், பிறகு குறைந்து சமமாகிவிடும் என்ற வகையில் இருந்தவை 68 சதவீதம்.

அதனால்தான் முதலில் அளவு, அப்புறம் ஸ்பானர். எப்படி அளப்பது என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

படி 1: ஜாதகம் எழுதுங்கள்

ஒரே ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையில் உள்ள கிலோவாட், ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), மின் அதிர்வெண் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் உள்ள பேரிங் எண், பம்பாக இருந்தால் இம்பெல்லரில் (நீரைத் தள்ளும் சக்கரத்தில்) எத்தனை இறக்கை, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் என்ன வகை, இவையும் வேண்டும். பேரிங் எண் தெரியாமல் ஆறாவது படியில் வரும் பேரிங் கணக்கைப் போட முடியாது. பெயர்ப்பலகையில் இல்லையென்றால் பழைய பராமரிப்புப் பதிவேட்டைத் தோண்டுங்கள்.

படி 2: அளக்கும் இடத்தைக் குறியுங்கள்

பேரிங்குக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, கெட்டியான உலோகத்தின் மேல் அளக்க வேண்டும். ஃபேன் மூடி போன்ற மெல்லிய தகட்டில் வைத்தால் தகட்டின் ஆட்டத்தைத்தான் அளப்பீர்கள். ஒவ்வொரு பேரிங்கிலும் மூன்று திசைகள்: கிடைமட்டம், செங்குத்து, ஷாஃப்ட்டின் நீளவாக்கு. அந்த இடங்களில் பெயிண்டால் ஒரு பொட்டு வையுங்கள். அடுத்த மாதம் இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால், மாறியது மோட்டாரா சென்சாரா என்று தெரியாது.

கப்ளிங் மூடியைக் கழற்றிவிட்டு அளக்கவே கூடாது. தொங்கும் ஒயர், தளர்ந்த சட்டைக்கை இரண்டையும் சுழலும் ஷாஃப்ட்டிலிருந்து தள்ளியே வையுங்கள்.

படி 3: சென்சார்

கையில் இருக்கும் ஸ்மார்ட்ஃபோனிலேயே முடுக்கமானி (அசைவின் முடுக்கத்தை அளக்கும் சென்சார்) இருக்கிறது. விளையாடிப் பார்க்க அது போதும். ஆனால் வினாடிக்கு எத்தனை முறை மாதிரி எடுக்கிறதோ அதில் பாதி அதிர்வெண் வரைக்கும்தான் எந்தச் சென்சாராலும் பார்க்க முடியும். பல ஃபோன்கள் வினாடிக்குச் சில நூறு மாதிரிகளோடு நின்றுவிடும். ஷாஃப்ட் சுழலும் வேகம் தெரியும், பேரிங் கோளாறு பிடிபடாது.

அடுத்த நிலை ஏடிஎக்ஸ்எல்345 போன்ற சின்னச் சிப். வினாடிக்கு 3200 மாதிரிகள் எடுக்கும். அதாவது 1600 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 1600 அதிர்வு) வரை. கற்றுக்கொள்ள நல்ல கருவி. தொழிற்சாலையில் தினசரி வேலைக்கு என்றால் பீசோமின் சென்சாரைத்தான் (அழுத்தத்தை மின்சாரமாக்கும் படிகம் வைத்தது) சொல்வேன்.

எந்தச் சென்சாராக இருந்தாலும் அதை எப்படிப் பொருத்துகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. திருகி மாட்டுவது சிறந்தது, பசையால் ஒட்டுவது அடுத்தது, காந்தம் பரவாயில்லை. கையால் அழுத்திப் பிடித்தால் ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டிய அளவை நம்ப வேண்டாம். இரட்டைப் பக்க நுரை டேப் வேண்டவே வேண்டாம், அது அதிர்வை விழுங்கிவிடும்.

படி 4: நன்றாக இருக்கும்போதே அளங்கள்

எல்லோரும் தவறவிடும் படி இதுதான். கோளாறு வந்த பிறகு அளந்தால், எதோடு ஒப்பிடுவீர்கள்? மோட்டார் நன்றாக ஓடும்போதே, சூடேறி நிலைப்பட்ட பிறகு, வழக்கமான சுமையில் ஒவ்வொரு பொட்டிலும் 10 வினாடி பதிவு எடுங்கள். ஒரு வாரத்தில் நான்கைந்து முறை எடுத்தால், கோளாறே இல்லாமல் அளவு எவ்வளவு ஏறி இறங்கும் என்பது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போதும். ஒவ்வொரு பதிவோடும் தேதி, சுமை, பேரிங் மூடியின் வெப்பம் ஆகியவற்றை எழுதுங்கள். வால்வை மூடி வைத்திருந்த நாளில் எடுத்த அளவையும் திறந்திருந்த நாளில் எடுத்த அளவையும் ஒப்பிட்டுப் பயந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 5: ஒற்றை எண்

முடுக்கமானி தருவது முடுக்கம். ஆனால் இயந்திரத்தின் பொதுவான நிலையைச் சொல்ல அதிர்வின் வேகத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள், மில்லிமீட்டர்/வினாடி கணக்கில், ஆர்எம்எஸ் மதிப்பாக (ஏற்ற இறக்கங்களின் ஒருவகைச் சராசரி). மாற்றுவது எளிது: ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் முடுக்கத்தை 2 × 3.14 × அதிர்வெண்ணால் வகுங்கள். குறைந்த அதிர்வெண்ணில் சிறிய எண்ணால் வகுப்பதால் சென்சாரின் இரைச்சல் பூதாகரமாகிவிடும். ஆகவே 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டு, 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? ஐஎஸ்ஓ 10816 தரநிலை (இப்போது அதன் இடத்தில் 20816 வந்திருக்கிறது) நான்கு மண்டலங்கள் வைத்திருந்தது. 15 கிலோவாட் வரையிலான சிறிய மோட்டாருக்கு 0.71 மி.மீ/வி. வரை புதிய இயந்திரத்தின் நிலை, 1.8 வரை நீண்ட நாள் ஓட்டலாம், 4.5 வரை கொஞ்ச நாள்தான், அதற்கு மேல் சேதம் வரும்.

என் கருத்து: இந்த எல்லைகளைவிட உங்கள் மோட்டாரின் பழைய அளவு முக்கியம். 0.5இல் ஓடிக்கொண்டிருந்தது 1.3க்கு வந்தால் தரநிலைப்படி இன்னும் சரிதான். நான் அதை விடமாட்டேன். எப்போதும் 1.6இலேயே ஆண்டுக்கணக்கில் ஓடும் மோட்டாரைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

படி 6: எந்த அதிர்வெண்ணில் ஏறியது?

ஒற்றை எண் காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும், என்ன காய்ச்சல் என்று சொல்லாது. அதற்கு ஸ்பெக்ட்ரம் வேண்டும். பதிவு செய்த அலையை எஃப்எஃப்டி என்ற கணக்கு தனித்தனி அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும். பைத்தானில் ஒரு வரிதான், பயப்பட வேண்டாம்.

1450 ஆர்பிஎம் மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். 60ஆல் வகுத்தால் 24.2 ஹெர்ட்ஸ். இதுதான் ஷாஃப்ட்டின் வேகம். மற்றவை எல்லாம் இதன் மடங்குகளாகப் பார்க்கப்படும்.

24.2இல் மட்டும் உயரமான முனை (ஸ்பெக்ட்ரத்தில் மேலெழும் கூர்) இருந்தால் பெரும்பாலும் எடை சமநிலை கெட்டிருக்கிறது. இறக்கையில் அழுக்கு படிந்திருக்கலாம், ஒரு துண்டு உடைந்திருக்கலாம். இரண்டு மடங்கான 48.3லும் சேர்ந்து ஏறி, நீளவாக்கு அளவும் கூடினால் கப்ளிங் அலைன்மென்ட்டை (இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று) பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மடங்குகள் வரிசையாக வந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது. ஐந்து இறக்கை இம்பெல்லர் என்றால் 121 ஹெர்ட்ஸில் ஒரு முனை இயல்பாகவே இருக்கும், அதைக் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள்.

100 ஹெர்ட்ஸில் நிற்கும் முனை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தால், அதன் இரண்டு மடங்கில் வருவது. ஆனால் ஷாஃப்ட்டின் நான்காவது மடங்கு 96.7. பதிவு மிகக் குறுகியதாக இருந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். பதிவின் நீளம் 10 வினாடி என்றால் 0.1 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பார்க்கலாம். நான்காவது படியில் 10 வினாடி என்றது இதற்காகத்தான். இன்னும் சந்தேகம் இருந்தால் மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். மின்கோளாறு என்றால் சுவிட்சைத் தட்டிய கணமே முனை மறையும். இயந்திரக் கோளாறு வேகம் குறையக் குறையத்தான் மெல்ல இறங்கும்.

இப்போது பேரிங். உள்ளே உருளும் குண்டு, வளையத்தில் உள்ள கீறலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு விழும். வினாடிக்கு எத்தனை தட்டு என்பதைக் கணக்கிட ஒரு குறுக்கு வழி: வெளி வளையத்துக்குக் குண்டுகளின் எண்ணிக்கை × 0.4 × ஷாஃப்ட் வேகம். உள் வளையத்துக்கு 0.4க்குப் பதில் 0.6. எண் 6205 பேரிங்கில் 9 குண்டுகள். வெளி வளையம் 87, உள் வளையம் 130.5 ஹெர்ட்ஸ். துல்லியமான கணக்கு 86.6, 130.9 என்று தரும். குறுக்கு வழி மோசமில்லை. இந்த எண்கள் ஷாஃப்ட் வேகத்தின் முழு மடங்குகளாக வராது என்பதைக் கவனியுங்கள். மடங்கில் அடங்காத முனைதான் பேரிங்கின் கையெழுத்து.

ஒரு சிக்கல். ஆரம்ப நிலைக் கீறலின் தட்டு மிக மெல்லியது. 87இல் நேரடியாகத் தெரியாமல், உலோகத்தைச் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் மணிபோல ஒலிக்கவைக்கும். அதனால் முதலில் உயர் அதிர்வெண் பகுதியை மட்டும் வடிகட்டி எடுத்து, அதன் மேல்விளிம்பை (அலையின் உச்சிகளைத் தொட்டுச் செல்லும் கோட்டை) வரைந்து, அந்த விளிம்புக்கு எஃப்எஃப்டி போட வேண்டும். அப்போது 87, 173, 260 என்று வரிசையாக முனைகள் எழுந்து நிற்கும். முதல்முறை அதைப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. (ஃபோனும் சின்னச் சிப்பும் இங்கேதான் கைவிடும், அத்தனை உயரம் அவற்றுக்கு எட்டாது.)

படி 7: பிறர் பதிவில் கைபழகுங்கள்

உங்கள் மோட்டாரில் கோளாறு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் 2 குதிரைத்திறன் மோட்டாரில் வேண்டுமென்றே பழுதாக்கிய பேரிங்குகளைப் பொருத்தி எடுத்த பதிவுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மோட்டாரின் இயக்கும் பக்கத்தில் (சுமையோடு இணையும் பக்கத்தில்) உள்ள பேரிங் நாம் பார்த்த அதே 6205 வகை. மின்பொறியால் அரித்து உண்டாக்கிய குழிகள். மிகச் சிறியதன் விட்டம் 0.18 மி.மீ. வினாடிக்கு 12,000 மாதிரிகள். உள் வளையக் கோப்பை எடுத்து, 1797 ஆர்பிஎம்முக்கு 162 ஹெர்ட்ஸில் முனை வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் கோளாறு உங்கள் கணக்கில்.

ஒரு எச்சரிக்கை: செயற்கைக் குழி சுத்தமாக, கூர்மையான விளிம்போடு இருக்கும். நிஜப் பேரிங்கில் கீறல் பரவும், மழுங்கும், கிரீஸ் அதை மறைக்கும். இந்தப் பதிவுகளில் 99 சதவீதம் சரியாகச் சொல்லும் நிரலை எழுதிவிட்டு, நிஜ மோட்டாரில் விழிப்பது வழக்கமான அனுபவம்தான்.

படி 8: ஸ்பானர்

அளவு ஏறிவிட்டது, காரணமும் ஓரளவு தெரிந்துவிட்டது. இப்போதும் எளிதானதிலிருந்து தொடங்குங்கள். கால் போல்ட், அடித்தளம், இறக்கையில் அழுக்கு, அலைன்மென்ட், கிரீஸ். இவற்றில் எதைத் தொடுவதானாலும் மின் இணைப்பைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி அளங்கள். இரண்டை ஒரேயடியாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும்.

பேரிங்தான் என்று உறுதியானால் மாற்றுங்கள். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும் அழுத்துங்கள். வெளி வளையத்தில் சுத்தியலால் அடித்தால் அந்த அடி முழுதும் குண்டுகள் வழியாகப் போய் வளையத்தில் பள்ளம் விழும். கழற்றிய பழையதைத் தூக்கி எறியாமல் வெட்டித் திறந்து, நீங்கள் சொன்ன வளையத்தில் கீறல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதையும் பதிவேட்டில் எழுதுங்கள், கூச்சப்பட வேண்டாம். பிறகு மோட்டாரை ஓடவிட்டு, சூடேறியதும், அதே பொட்டுகளில் அதே 10 வினாடி. முதல் ஒரு வாரம் தினமும் எடுங்கள். புதிதாகப் பொருத்தியதில்தான் தவறு ஒளிந்திருக்கும். பழைய பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, தேதியும் புது பேரிங்கின் எண்ணும் எழுதி, அதற்குக் கீழே புதிய அடிப்படை அளவைத் தொடங்குங்கள்.