லேப் கெமிக்கல்: சோதனைக்கு முன்னும் பின்னும் நடக்கும் தவறுகள்

பல்கலைக்கழக வேதியியல் லேபில் பாதுகாப்பு என்றாலே கண்ணாடி, கோட்டு, தீயணைப்பான் என்றுதான் தொடங்குவார்கள். அவை வேண்டியவைதான். ஆனால் ரியாக்‌ஷன் ஓடும்போது எல்லோரும் உஷாராகவே இருப்பார்கள். கவனம் தப்புவது அதற்கு முன்னும் பின்னும்தான்: வாங்கும்போது, அடுக்கும்போது, மிச்சத்தைக் கொட்டும்போது, படிப்பை முடித்துக் கிளம்பும்போது.

மார்ச் வந்தால் செலவழிக்காத ஃபண்ட் காலாவதியாகிவிடும் என்ற பயத்தில், 100 மில்லி போதும் என்கிற இடத்துக்கு இரண்டரை லிட்டர் பாட்டில் வந்து இறங்கும். விலைப்பட்டியலில் பார்த்தால் அதுதான் மலிவு. மீந்ததை அப்புறப்படுத்த ஆகும் செலவை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

டை எத்தில் ஈதர் என்ற கரைப்பானை எடுத்துக்கொள்வோம். அதன் கொதிநிலை சுமார் 35 டிகிரி. சென்னையில் மே மாதம் மத்தியானம் கரண்ட் போனால் அது அலமாரியிலேயே கொதிக்கப் பார்க்கும். சரி, ஃபிரிட்ஜில் வைப்போம் என்று வீட்டில் வைக்கிற சாதாரண ஃபிரிட்ஜுக்குள் வைப்பது அதைவிடப் பெரிய தவறு. ஈதர் ஆவி மைனஸ் 45 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு எழும்பிவிடும். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டோ விளக்கு சுவிட்சோ ஒரு பொறி தட்டினால் கதவே பறக்கும். உள்பக்கம் பொறி வராதபடி செய்த ஃபிரிட்ஜ் தனியாகக் கிடைக்கிறது. அது இல்லையென்றால் ஈதரை அந்தந்த வேலைக்கு வேண்டிய அளவே வாங்குங்கள். அப்புறம், ஈதரும் டிஹெச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) என்ற கரைப்பானும் காற்றுப் பட்டால் மெல்ல மெல்ல வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேர்க்கும். அதனால் பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் போனால் பெராக்சைடு இருக்கிறதா என்று சோதிக்காமல் தொடக்கூடாது. காய்ச்சி வடிப்பதென்றால் அடி வற்றும்வரை போகவே கூடாது.

பழைய துறைகளில் இன்னொன்றும் அகப்படும்: பிக்ரிக் அமிலம். தண்ணீரில் நனைந்திருக்கும்வரை சாதுதான், காய்ந்தால் வெடிமருந்து. பாட்டிலைச் சுற்றிப் பாருங்கள். மூடியின் மரைக்குள் மஞ்சள் படிகம் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று திறந்து பார்க்கும் ஆர்வம்தான் இங்கே ஆபத்து, மூடியைத் திருகும் உராய்வே போதும். அறையைப் பூட்டி, துறைத் தலைவரிடம் சொல்லி, விவரம் தெரிந்தவர்களை வரவழைக்க வேண்டும்.

அலமாரியில் ஆங்கில அகரவரிசைப்படி அடுக்குவது பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் அந்த வரிசையில் சோடியம் சயனைடும் சல்ஃப்யூரிக் அமிலமும் ஒரே ‘எஸ்’ தட்டில் வந்து நிற்கும். இரண்டும் உடைந்து கலந்தால் வருவது ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நச்சு வாயு. முதலில் குணத்தைப் பார்த்துப் பிரியுங்கள்: எரியும் கரைப்பான், அமிலம், காரம், ஆக்சிஜனேற்றி, தண்ணீர் பட்டால் ஆகாதவை, கொடிய நஞ்சு. அகரவரிசை ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இருக்கட்டும். திரவ பாட்டில்களை டிரேயில் வைத்து, கண்மட்டத்துக்குக் கீழேயே நிறுத்துங்கள்.

என்னைக் கேட்டால், லேபிலேயே மிக மோசமான பொருள் ‘வேஸ்ட்’ என்று மட்டும் எழுதிய பாட்டில்தான். காலையில் ஒருவர் அதில் அசிட்டோன் ஊற்றுவார். மாலையில் இன்னொருவர் நைட்ரிக் அமிலம் மிச்சத்தை ஊற்றி, பொறுப்பாக மூடியை இறுக்கிவிட்டுப் போவார். உடனே ஒன்றும் நடக்காததுபோல் இருக்கலாம். உள்ளே மெல்லச் சூடேறி, வாயு சேர்ந்து, ஆளில்லாத நேரத்தில் பாட்டில் வெடிக்கும். நைட்ரிக் அமிலக் கழிவுக்குத் தனி பாட்டில் வேண்டும், அதில் கரிமக் கரைப்பான் ஒரு சொட்டும் சேரக்கூடாது. பியூரெட் கழுவும் குரோமிக் அமிலத்துக்கும் இதே விதி. உண்மையில் முக்கால்வாசி வேலைக்குச் சோப்புக் கரைசலே போதும்; புற்றுநோய் தரும் குரோமியத்தை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறோமோ தெரியவில்லை. குளோரின் சேர்ந்த கரைப்பான், சேராத கரைப்பான், கன உலோகம் எல்லாமே தனித்தனியாகப் போக வேண்டும். லேபிளில் ஃபார்முலா போதாது, முழுப் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பாமல் மேலே இடம் விடுங்கள்.

சிங்க்கில் ஊற்றித் தண்ணீர் திறந்துவிட்டால் தீர்ந்தது என்பது இன்னொரு பழக்கம். சோடியம் அசைடு ஈய, தாமிரக் குழாய்களில் படிந்து வெடிக்கும் உப்பாக மாறும். பி.எஸ்ஸி. பிராக்டிகலில் வெள்ளிக் கண்ணாடி வரவைக்கும் டாலன்ஸ் கரைசல் மீந்தால், நாளைக்கு ஆகும் என்று எடுத்து வைக்காதீர்கள். நின்றால் அதிலும் வெடிக்கும் வெள்ளிச் சேர்மம் உருவாகும். அன்றன்றைக்கே நீர்த்த அமிலம் விட்டு முறித்து, வெள்ளிக் கழிவில் சேர்க்க வேண்டும்.

கையுறை போட்டிருக்கிறேன் என்ற தைரியமும் எல்லா நேரமும் செல்லாது. 1996இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் லேட்டக்ஸ் கையுறைமேல் டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மம் சில துளிகள் விழுந்தன. அன்றைய விதிகளின்படிதான் அவர் வேலை செய்தார். அந்தத் திரவம் லேட்டக்ஸைச் சில நொடிகளில் கடக்கும் என்பது பிறகு செய்த சோதனையில்தான் தெரிந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் பாதரச நஞ்சால் இறந்தார். எந்தக் கெமிக்கலுக்கு எந்தக் கையுறை என்று தயாரிப்பாளர்களே அட்டவணை தருகிறார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். பாலியெஸ்டர் துப்பட்டாவோடு தீப்பற்றும் பொருளிடம் போகாதீர்கள். உருகித் தோலில் ஒட்டும்.

கடைசியாக, கிளம்பும்போது. ஆராய்ச்சி ஸ்காலர் பட்டம் வாங்கிப் போய்விடுவார், அவர் செய்து வைத்த குடுவைகள் இனிஷியல் மட்டும் எழுதியபடி அங்கேயே கிடக்கும். இந்த அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டெல்லிப் பல்கலைக்கழகமே சாட்சி. வேதியியல் துறையில் 1985 முதல் சும்மா கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவியை 2010 பிப்ரவரியில் பழைய இரும்போடு ஏலம் விட்டார்கள். மாயாபுரி காயலான் கடைகளில் அதை உடைத்தபோது உள்ளே இருந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வெளியே வந்தது. கதிர்வீச்சில் ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள்.

கிளம்பும் முன் வாங்கும் நோ டியூஸ் (பாக்கி இல்லை) படிவத்தில் நூலகப் புத்தகத்துக்கு ஒரு வரி இருக்கிறது. ஸ்காலர் தன் பாட்டில்களைப் பட்டியலிட்டு அடுத்தவரிடம் ஒப்படைத்தாரா என்பதற்கும் ஒரு வரி சேர்த்து, கைடு கையெழுத்துப் போடட்டும். தமிழ்நாட்டில் அபாயக் கழிவு கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற நிலையங்களுக்குப் போகிறது. கழிவை ஒப்படைக்கும்போது உள்ளே என்ன என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பெயரில்லாத பாட்டிலென்றால் முதலில் அது என்னவென்று பகுத்துப் பார்க்கும் செலவும் துறையின் தலையில்தான்.