செஸ்ட்நட் சமையல்: கீறுவது, உரிப்பது, குழம்பு, இனிப்பு

செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை ஐரோப்பியக் கடைகளில் வலைப்பைகளில் குவியும் செஸ்ட்நட்டை, பாதாம் முந்திரி வகையில் சேர்த்துவிட்டால் சமையல் பிழையாகிப்போகும். பாதாமில் பாதி எடை கொழுப்பு. செஸ்ட்நட்டில் கொழுப்பு 2 சதவீதம் அளவில்தான். ஏறக்குறைய பாதி தண்ணீர், மீதியில் பெரும்பங்கு மாவுச்சத்து. பலாக்கொட்டையைச் சமைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. வேகவைத்தால் மாவாகும், குழம்பைத் தடிப்பாக்கும், வெளியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

அதனால் வாங்கியதும் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகும். சமையலறை மேசையில் ஒரு வாரம் கிடந்தால் உள்ளே சுருங்கிக் கல்லாகும். கடையில் எடுக்கும்போது கையில் கனக்க வேண்டும், ஓடு பளபளக்க வேண்டும், அழுத்தினால் உள்வாங்கக் கூடாது. குண்டூசி அளவு ஓட்டை இருந்தால் உள்ளே புழு. வீட்டில் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றைத் தனியே எடுத்து வெட்டிப் பாருங்கள், பெரும்பாலும் கெட்டவைதான்.

பூங்காக்களில் உதிர்ந்து கிடக்கும் குதிரைச் செஸ்ட்நட்டைப் பொறுக்கிச் சமைத்துவிடாதீர்கள், அது நஞ்சு. அதன் பச்சைக் கூட்டில் தடித்த முட்கள் இடைவெளி விட்டு இருக்கும். கொட்டை உருண்டையாக, முனையில்லாமல் இருக்கும். உண்ணும் செஸ்ட்நட்டின் கூடு முள்ளம்பன்றி போல நெருக்கமான மெல்லிய ஊசிகளால் மூடியிருக்கும். கொட்டையின் நுனியில் சிறு குஞ்சம் உண்டு. சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்குச் செஸ்ட்நட்டும் ஒத்துக்கொள்ளாது என்பதையும் கவனியுங்கள்.

உரிப்பதுதான் உண்மையான வேலை. செஸ்ட்நட்டுக்கு இரண்டு தோல்: வெளியே பழுப்பு ஓடு, உள்ளே பருப்பின் மடிப்புகளுக்குள் நுழைந்து ஒட்டிக்கொள்ளும் துவர்ப்பான சவ்வு. இரண்டையும் சேர்த்துக் கீற வேண்டும். முதலில் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள்; ஓடு இளகும், கத்தி வழுக்காது. தட்டைப் பக்கம் பலகையில் படும்படி வைத்து, வயிற்றுப் பக்கத்தில் பல்லுள்ள சிறு கத்தியால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை குறுக்கே கீறுங்கள். சவ்வு அறுபட்டு வெளிர்மஞ்சள் பருப்பு தெரிந்தால் போதும். கீறாமல் விட்ட ஒன்று அவன் (oven) அடுப்புக்குள் வெடித்தால் மாவும் ஓடும் சுவரெங்கும் தெறிக்கும். கையில் எடுத்தபின் வெடித்தால் சுடும். ஆகவே ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

சுடுவதற்கு 220 பாகை அவனில் கீறல் மேலே தெரியப் பரப்பி, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து 20 முதல் 25 நிமிடம். கீறல் விரிந்து ஓரம் சுருண்டால் ஆயிற்று. அவன் இல்லையென்றால் இரும்புச் சட்டியில் மூடி போட்டு, மிதமான தீயில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கி, இரண்டு மூன்று தடவை தண்ணீர் தெளித்து 20 நிமிடம். இறக்கியதும் ஈரத்துணியில் சுற்றி 10 நிமிடம் வையுங்கள். உள்ளே நிற்கும் ஆவிதான் சவ்வைக் கழற்றும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துச் சூட்டோடு உரியுங்கள், மற்றவை துணிக்குள்ளேயே இருக்கட்டும். ஆறிவிட்டால் சவ்வு திரும்ப ஒட்டிக்கொள்ளும். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் மறுபடி இளகும். ஓட்டோடு 500 கிராம் வாங்கினால் உரித்தபின் சுமார் 350 கிராம் தேறும். நறுக்கும்போது சாம்பல் நிறமோ புளித்த வாடையோ தெரிந்தால் எறிந்துவிடுங்கள், ஒன்று போதும் முழுக் குழம்பையும் கசக்கவைக்க.

நேரமில்லாதவர்களுக்குக் காற்றகற்றிய பையில் வரும் வெந்த செஸ்ட்நட் நல்ல மாற்று. அது ஏற்கெனவே வெந்தது என்பதை மறக்காமல், கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் சேருங்கள். உலர்ந்ததை இரவு முழுக்க ஊறவைத்து, மடிப்பில் மிஞ்சிய செம்பழுப்புச் சவ்வைக் கிள்ளியெடுத்து, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும்.

தேங்காய்ப்பால் குழம்புக்குச் சுட்டுரித்ததே நல்லது. அவித்தது கரண்டி பட்டால் உடையும். 350 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை தாளித்து, ஒரு பெரிய வெங்காயம், நான்கு பல் உள்ளி, இரண்டு பச்சைமிளகாய் வதக்குங்கள். கால் தேக்கரண்டி மஞ்சள், இரண்டு தேக்கரண்டி யாழ்ப்பாணத்துத் தூள் (வறுத்தரைத்த மிளகாய்த் தூள்), அளவான உப்பு, 300 மில்லி இரண்டாம் பால். கொதித்ததும் செஸ்ட்நட்டைப் போட்டு, சிறுதீயில் 12 நிமிடம். கடைசியில் 100 மில்லி முதல் பால் ஊற்றி, ஒரு கொதி வருமுன் இறக்குங்கள். இயல்பிலேயே இனிப்பு என்பதால் புளிப்பு அவசியம். ஆனால் எலுமிச்சம்புளியை இறக்கியபின்தான் விட வேண்டும். புளிப்பு முன்னாலே சேர்ந்தால் கொட்டை மெதுமையாக மறுக்கும். குழம்பு ஆற ஆற இறுகும், எனவே கொஞ்சம் தண்ணியாகவே விடுங்கள்.

அதே மாவுச்சத்து சூப்பில் கை கொடுக்கும். 30 கிராம் வெண்ணெயில் ஒரு லீக்ஸ், 150 கிராம் செலரிக் கிழங்கு வதக்கி, 350 கிராம் செஸ்ட்நட், ஒரு லீட்டர் காய்கறி அவித்த சாறு சேர்த்து 25 நிமிடம் வேகவைத்து அரைத்தால், வேறு மாவு எதுவும் வேண்டாம். மிளகு தாராளமாக.

இனிப்பில் சுவிஸ் வீடுகளின் வெர்மிசெல்தான் (செஸ்ட்நட் மசியலை இழையிழையாகப் பிழிவது) நம் கைக்கு எளிது, ஏனென்றால் அதற்கு வேண்டிய கருவி நம் வீட்டிலேயே இருக்கிறது: இடியாப்ப உரல். உரித்த செஸ்ட்நட் 500 கிராமை 300 மில்லி பாலில், ஒரு வனிலாக் காயைக் கீறிப் போட்டு, மூடிச் சிறுதீயில் அரை மணிக்கு மேல், விரலால் நசுக்கினால் மாவாகும்வரை வேகவிடுங்கள். சீனியை இப்போது போடாதீர்கள். சீனி தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், கொட்டை நடுவில் கட்டியாகவே நிற்கும். வெந்ததும் வனிலாவை எடுத்துவிட்டு, சூடாக இருக்கும்போதே அரிதட்டில் தேய்த்து மசியுங்கள். ஆறினால் மாவு இறுகி மணல்போல் ஆகிவிடும். 100 கிராம் சீனியை 100 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்த பாகையும் 20 கிராம் வெண்ணெயையும் கலந்து, விரும்பினால் ஒரு மேசைக்கரண்டி கிர்ஷ் (செரிப்பழ மது) விடுங்கள். ஒரு மணி நேரம் குளிரவைத்து, ஓமப்பொடி அச்சுப் போட்ட உரலில் பரிமாறும் தட்டுக்கு மேலேயே பிழியுங்கள். இழைகள் ஒட்டிக்கொண்டு களியானால் ஈரம் கூடிவிட்டது, சட்டியில் கிளறி வற்றவைக்கலாம். அறுந்து அறுந்து விழுந்தால் ஒரு கரண்டி பால் போதும். பக்கத்தில் சீனி போடாமல் அடித்த கிரீம். மசியலே போதிய இனிப்பு.

பிரான்ஸின் ஆர்தேஷ் பகுதியில், பிரிவா நகரில் 1885 முதல் கிளெமான் ஃபோஜியே நிறுவனம் தகர டப்பாவில் விற்கும் செஸ்ட்நட் கிரீம் வேறு பொருள். அதில் சீனி மிகுதி, எனவே பான்கேக், தயிர், கேக் நடுவில் பூசுவதற்குத்தான் அது. பிழிவதற்கு இளகல், சூப்புக்குத் தப்பித்தவறியும் எடுக்காதீர்கள். சீனியில்லாத மசியலும் ஏறக்குறைய அதே உருவத் தகரத்தில் வருவதால், வாங்குமுன் முகப்பைப் படியுங்கள்.

செஸ்ட்நட் மாவில் இத்தாலியின் டஸ்கனியில் சுடும் கஸ்தாஞ்ஞாச்சோ என்ற தட்டைக் கேக்குக்குச் சீனி, முட்டை, புளிப்பூட்டி எதுவும் கிடையாது. சலித்த மாவு 250 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. 350 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரைத்து, தோசைமாவுப் பதத்துக்குச் சற்று இளக்கமாகக் கொண்டுவாருங்கள். மாவுக்கு மாவு உறிஞ்சும் அளவு மாறுவதால் இன்னும் 50 மில்லி தேவைப்படலாம். அரை மணி நேரம் வைத்து, எண்ணெய் தடவிய தட்டில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள். மேலே 40 கிராம் உலர்திராட்சை, 30 கிராம் பைன் பருப்பு, ரோஸ்மேரி இலை, இரண்டு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய். 190 பாகையில் 35 நிமிடம், மேற்பரப்பு வறண்ட குளம்போல் வெடிக்கும்வரை. உயரமாக ஊற்றினால் நடு வேகாது. முதல் வாயில் இது கேக் இல்லையே என்று தோன்றும், பழைய மாவாக இருந்தால் கசப்பும் வரும்; அந்த ஆண்டு அரைத்ததா என்று பொதியில் பார்த்து வாங்கி, பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் உறைபெட்டியில் வையுங்கள்.