எஸ்.கியூ.இ. தேர்வுக்குச் சட்டம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞராகத் தகுதி பெறுவதற்காக 2021 முதல் நடத்தப்படும் எஸ்.கியூ.இ. (Solicitors Qualifying Examination) தேர்வின் முதல் கட்டத்தில் கட்டுரை எழுதும் வேலையே கிடையாது. இரண்டு தாள்கள், தாளுக்கு 180 வினாக்கள், வினாவுக்கு ஐந்து விடைகள். அவற்றுள் மிகப் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 90 வினாக்கள் கொண்ட ஓர் அமர்வுக்கு 153 நிமிடங்கள் என்பதால் ஒரு வினாவுக்குக் கிடைப்பது 102 விநாடிகள்தான். ஒரு விதியை நன்றாகப் படித்துவிட்டு, அதன் எல்லை எங்கே முடிந்து பக்கத்து விதி எங்கே தொடங்குகிறது என்பதைப் படிக்காமல் விடுவதே இத்தகைய தேர்வில் மதிப்பெண்ணை அதிகம் இழக்கச் செய்யும் தவறு என்பது என் கருத்து. தவறான நான்கு விடைகளும் பெரும்பாலும் அந்த எல்லைக் கோட்டை ஒட்டியே அமைக்கப்பட்டிருக்கும்.

அஞ்சல் வழி ஏற்பு பற்றிய விதியை எடுத்துக்கொள்வோம். ஒரு முன்மொழிவை ஏற்கும் கடிதத்தை அஞ்சலில் சேர்த்த கணத்திலேயே ஒப்பந்தம் உருவாகிவிடும் என்று 1818ஆம் ஆண்டின் ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் வழக்கைப் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் முன்மொழிவைத் திரும்பப் பெறும் கடிதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அது எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் செல்லும். 1880ஆம் ஆண்டின் பைர்ன் எதிர் வான் டீன்ஹோவன் வழக்கில் கார்டிஃபிலிருந்து அக்டோபர் 8 அன்று அனுப்பப்பட்ட திரும்பப் பெறும் கடிதம், நியூயார்க்கில் இருந்தவர் 11ஆம் தேதி தந்தி மூலம் ஏற்றுக்கொண்ட பிறகு, 20ஆம் தேதிதான் வந்து சேர்ந்தது. ஆகவே ஒப்பந்தம் நிலைத்தது. ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இரண்டு கடிதங்களையும் ஒரே அளவுகோலால் அளந்துவிடுவார். வழக்கின் பெயரை நினைவில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம்கூட இந்தத் தேர்வில் பொதுவாக இல்லை. பாடத்திட்டம் வெளிப்படையாகக் குறிப்பிடும் சில இடங்கள் மட்டுமே விதிவிலக்கு. எனவே நூற்றுக்கணக்கான வழக்குப் பெயர்களை அட்டைகளில் எழுதி உருப்போடும் நேரத்தில், அந்த வழக்கு எந்த உண்மை நிலை மாறினால் வேறு முடிவுக்குப் போயிருக்கும் என்று யோசிப்பது நல்லது.

பிறருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு கோரும் தீங்கியல் சட்டத்தில் இதே வகைத் தவறு வேறு வடிவில் வரும். கவனக்குறைவு வழக்கு என்றாலே 1990ஆம் ஆண்டின் கபாரோ தீர்ப்பில், கவனமாக நடக்கும் கடமை உண்டா என்று பார்ப்பதற்காகச் சொல்லப்பட்ட மூன்று படிகளையும் பொருத்திப் பார்க்கும் பழக்கம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. ஹடர்ஸ்ஃபீல்டில் காவலர்கள் ஒருவரைக் கைது செய்ய முயன்றபோது தெருவில் நடந்து சென்ற மூதாட்டி இடிபட்டு விழுந்த ராபின்சன் வழக்கில், அப்படி எல்லா வழக்குகளுக்கும் பொருந்தும் மூன்று படிச் சோதனை எதுவும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவுபடுத்தியது. ஏற்கெனவே நிலைபெற்ற கடமை இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். இதுவரை வராத சூழல்களில்தான் முன்னைய தீர்ப்புகளை ஒட்டிப் படிப்படியாக நகர வேண்டும்.

நிலச் சட்டத்தில் இந்த எல்லைக் கோடு ஒரு குடும்பம் வீட்டில் தொடர்ந்து வாழலாமா, வெளியேற வேண்டுமா என்பதையே தீர்மானிக்கும். வீடு கணவர் ஒருவர் பெயரில் மட்டும் பதிவாகியிருக்கிறது. மனைவியும் பணம் போட்டிருப்பதால் அவருக்கும் வீட்டில் பங்கு உண்டு. அவர் அங்கேயே வசிக்கிறார். கணவர் வீட்டை வங்கியில் அடமானம் வைத்துவிடுகிறார். மனைவி அங்கே உண்மையாகக் குடியிருந்ததால் அவருடைய உரிமை வங்கியைக் கட்டுப்படுத்தும் என்று 1980இல் போலண்டு வழக்கில், அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஏழே ஆண்டுகள் கழித்து, 1987இல், பிளெக் வழக்கு வந்தது. மகள், மருமகன் ஆகிய இருவர் பெயரில் பதிவான வீட்டில் பெற்றோரும் பணம் போட்டு அங்கேயே வசித்தார்கள், அடமானப் பணம் இரண்டு டிரஸ்டிகளிடம், அதாவது பெற்றோருக்காகவும் சேர்த்து வீட்டை வைத்திருந்த அந்த இருவரிடம், கொடுக்கப்பட்ட காரணத்தால் பெற்றோரின் உரிமை வீட்டை விட்டு விலகி அந்தப் பணத்தின் மீது போய்விட்டது, வங்கி வென்றது. இரண்டு கதைகளிலும் உரிமையாளர் வீட்டில்தான் வசித்தார். வித்தியாசம், பணத்தை வாங்கியவர் ஒருவரா இருவரா என்பது மட்டுமே. ‘உண்மையாகக் குடியிருத்தல்’ என்ற சொற்களைக் கண்டதும் விடையைக் குறித்துவிடுபவர் சறுக்குவது இந்த இடத்தில்தான். வினாவைப் படிக்கும்போது பதிவேட்டில் எத்தனை பெயர்கள் என்பதை முதலில் எண்ணிவிட வேண்டும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ சட்டம் படித்துவிட்டு இத்தேர்வை எழுதுபவர்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. சொந்த ஊர்ச் சட்டம் அவர்களுக்குத் தெரியாமலே கை நீட்டும். ஐயாயிரம் ரூபாய் கடனுக்கு இரண்டாயிரம் ரூபாயை முழுத் தீர்வாக வாங்கிக்கொண்டால் கடன் முழுவதும் தீர்ந்துவிடும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு எடுத்துக்காட்டோடு சொல்கிறது. இங்கிலாந்தில், 1884ஆம் ஆண்டின் ஃபோக்ஸ் எதிர் பியர் தீர்ப்பின்படி, புதிய மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படும் பயன்) ஏதுமின்றிக் குறைந்த தொகையைக் கொடுப்பது கடனைத் தீர்க்காது. அதேபோல், நிலத்தை விற்பதற்கான ஒப்பந்தம் தானாக நிலத்தில் எந்த உரிமையையும் உருவாக்காது என்பது இந்தியச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. இங்கிலாந்திலோ கையெழுத்திட்ட ஒப்பந்தப் பிரதிகளை இரு தரப்பும் மாற்றிக்கொண்ட உடனேயே வாங்குபவருக்கு ஈக்விட்டி (நியாய அடிப்படையில் வளர்ந்த சட்டப் பிரிவு) வழியிலான உரிமை பிறந்துவிடுகிறது. ரோமன் டச்சு மரபில் வந்த இலங்கையின் ஒப்பந்தச் சட்டத்துக்கு மறுபயன் என்ற கோட்பாடே தேவையில்லை. ஆகவே ‘இது எனக்குத் தெரிந்ததுதானே’ என்று புரட்டிவிட்டுப் போகும் ஒப்பந்தச் சட்டம்தான் இவர்களுக்கு மிகுந்த கவனத்தைக் கோரும் பாடம்.

பழைய குறிப்புகளை நம்புவது அடுத்த தவறு. குற்றவியலில் நேர்மையின்மையைத் தீர்மானிக்க 1982ஆம் ஆண்டின் கோஷ் வழக்கு வகுத்த இரண்டு படிச் சோதனை இப்போது இல்லை. 2017இல் ஐவி வழக்கு அதை மாற்றியது, 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்மாற்றத்தைக் குற்றவியலுக்கும் உறுதி செய்தது. தன் செயலைப் பிறர் நேர்மையற்றதாகக் கருதுவார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர் உணர்ந்தாரா என்ற அந்தப் பழைய இரண்டாம் படியைக் கேட்கும் விடை, பழைய குறிப்பு வைத்திருப்பவரைப் பிடிப்பதற்கான தூண்டில். எண்கள் இன்னும் வேகமாக மாறுகின்றன. உயில் எழுதாமல் இறந்தவருக்குப் பிள்ளைகளும் இருக்கும்போது வாழ்க்கைத் துணைக்கு முதலில் சேரும் தொகை 2023 ஜூலையில் 2,70,000 பவுண்டிலிருந்து 3,22,000 பவுண்டாக உயர்ந்தது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒரு குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்சச் சிறைத் தண்டனை 2022 மே மாதத்தில் ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டாகி, 2023 மார்ச்சில் மீண்டும் ஆறாகி, 2024 நவம்பரில் மறுபடியும் பன்னிரண்டானது. தேர்வு தொடங்கும் நாளுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பு எது சட்டமோ அதுவே கேட்கப்படும் என்பதால், அந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு எல்லா எண்களையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

சொலிசிட்டர் கணக்கு விதிகளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பதைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. கட்சிக்காரர் பணம் எது, நிறுவனத்தின் பணம் எது என்ற ஒரு கேள்வியில் பிடி கிடைத்துவிட்டால் மற்றவை பின்னால் வரும்.

பாடம் பாடமாகப் படித்து முடித்துவிட்டு, பயிற்சி வினாக்களையும் பாடவாரியாகவே போட்டுப் பார்ப்பவர்கள் தேர்வு அறையில் திணறுகிறார்கள். அங்கே ஒப்பந்தம், தீங்கியல், வணிகச் சட்டம், அரசமைப்பு எல்லாம் தலைப்பின்றிக் கலந்து வரும். தொழில் ஒழுக்கம் எதன் நடுவிலும் தலைகாட்டும். பயிற்சியின் கடைசி ஆறு வாரங்களிலாவது கலந்த வினாக்களை ஓர் அமர்வுக்குத் தொண்ணூறாகப் போட்டு, தவறிய ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கத்து விதி தன்னை ஏமாற்றியது என்று ஒரு வரி எழுதி வைப்பது பயன் தரும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை என்பதால் ஒரு வினாவைக்கூட வெற்றாக விடக் கூடாது.