நள்ளிரவில் ஏறிய சர்க்கரை

மகளுக்கு முதலாம் வகை நீரிழிவு. யாழ்ப்பாணத்திலிருந்தே கொழும்பு வைத்தியரிடம் வீடியோ அழைப்பில் காட்டுகிறோம். இரத்தச் சர்க்கரை பார்க்கும் மீற்றரின் பதிவுகளைக் கணினியில் இறக்கி, முன்கூட்டியே அனுப்பிவிடுவேன்.

ஓகஸ்ட் விடுமுறையில் வரைபடம் குழப்பியது. தினமும் நள்ளிரவில் சர்க்கரை 300ஐத் (mg/dL) தாண்டுகிறது. இரவு இன்சுலினைக் கூட்டுவதா என்ற பேச்சு வந்தது. ஊசி போடும் இடத்தை மாற்றினோம், மீற்றருக்குப் புதுப் பட்டிகள் வாங்கினோம், மாம்பழம் தொட்ட விரல் பொய்க்கணக்குக் காட்டும் என்று சவர்க்காரம் போட்டுக் கழுவவைத்தோம். ஒன்றும் அசையவில்லை. அம்மம்மா பலகாரப் பேணியை ஒளித்துவைத்ததுதான் மிச்சம்.

அளவைக் கூட்டுமுன் நள்ளிரவில் எழுப்பிப் பார்க்கச் சொன்னார் வைத்தியர். 6.2 காட்டியது. கனடாவிலிருந்து மாமா அனுப்பிய மீற்றர் அது; அந்நாட்டு அலகில் (mmol/L) காட்டும். 18ஆல் பெருக்கினால் நம் கணக்கில் 112. கணினியில் அந்தப் பதிவைத் தேடினால், முதல் நாள் பிற்பகல் 2.30இல் கிடக்கிறது! மீற்றரின் கடிகாரம் இன்னும் ரொறன்ரோவில்தான் இருந்தது. கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால். அப்படியானால் அந்த 'நள்ளிரவு', இங்கே காலை 9.30. புட்டு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது.

அமைப்புக்குள் போய் நேரத்தையும் திகதியையும் திருத்தினேன். பழைய பதிவுகள் நகரவில்லை. அவற்றுக்கு ஒன்பதரை மணியைக் கூட்டிக் கையால் எழுதி அனுப்பினேன். வைத்தியர் இரவு அளவைத் தொடவில்லை. காலை ஊசியை மட்டும் புட்டுக்குக் கால் மணி நேரம் முன்பே போடச் சொன்னார்.